தக்கோலத்தில் ‘ரீவைவ்’ இல்லை

திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போது காதில் விழும் பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. திருத்தணிப் பகுதியில் பணிபுரியும் நமக்கு அது புதிதல்ல. இப்போது அவற்றோடு மூன்றாவது மொழி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ‘ஜோன் சுருங்கிடுச்சுடா’, ‘நீ கவர் குடுக்கல’, ‘ரீவைவ் பண்ணியிருந்தா ஜெயிச்சிருப்போம்.’ 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டபோது மாணவர்கள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போனார்கள். பெயர்கள்தாம் மாறின, பேச்சு மாறவில்லை.

இதே மாணவர்களிடம் சோழர் பாடத்தில் ‘தக்கோலப் போர், கி.பி. 949’ என்று சொன்னால் ஆண்டைக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தக்கோலம் எங்கேயோ இருக்கும் ஊர் அல்ல. அரக்கோணம் வழியாகப் போனால் திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தென்னிந்திய வரலாற்றின் பெரும் போர்களில் ஒன்று நம் பேருந்துத் தடத்தில் நடந்திருக்கிறது. மாணவனின் மனமோ செல்பேசிக்குள் இருக்கும் கற்பனைத் தீவில் போரிட்டுக்கொண்டிருக்கிறது. ‘விளையாடாதே’ என்ற அறிவுரையால் இந்த இடைவெளி குறையப் போவதில்லை. அந்த விளையாட்டுகள் மாபெரும் போருக்குள் இருக்கும் உணர்வை எப்படி உண்டாக்குகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைப் பார்த்தால் நமக்கு ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் கிடைக்கும். அதற்கு வகுப்பில் செல்பேசி தேவையே இல்லை.

முதலில் எண்ணிக்கை. பிஜிஎம்ஐயின் வழக்கமான ஆட்டத்தில் இறங்குபவர்கள் 100 பேர், ஃப்ரீ ஃபயரில் 50 பேர். நம் பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் இதைவிட அதிகம். ஆனாலும் பெரும் போரில் இருப்பதாகவே மாணவன் உணர்கிறான். அதற்கு முதல் காரணம் ஒலி. காலடிச் சத்தம் இடப்பக்கம் கேட்கும், துப்பாக்கிச் சத்தம் தொலைவில் கேட்கும். கண்ணுக்கு யாருமே தெரியாவிட்டாலும் சுற்றிலும் ஆட்கள் இருப்பதாக மனம் நம்பிவிடும். அடுத்தது அந்தச் சுருங்கும் வட்டம். 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடப்பவர்களை அது மெல்ல ஓரிடத்துக்குத் தள்ளுகிறது, அதனால் ஆட்டம் முடியும்போது கூட்டம் நெருக்கமாகத் தெரியும். மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை. காட்சி பெரும்பாலும் ஆடுபவனின் தோளுக்குப் பின்னாலிருந்து தெரிகிறது. அவன் எங்கே நகர்ந்தாலும் போரின் நடு அவனோடு நகர்கிறது. ஆடுகிற ஒவ்வொருவனும் அந்தப் போரின் மையம்.

கணினி விளையாட்டுகளில் வேறு உத்திகள் உண்டு. ‘டோட்டல் வார்’ வரிசை 2000இல் தொடங்கியபோதே திரையில் ஆயிரக்கணக்கான வீரர்களை நிறுத்தியது. தொடக்க கால ஆட்டங்களில் அந்த வீரர்கள் தட்டையான சிறு படங்கள்தாம். அருகில் இருப்பதை நுணுக்கமாகவும் தொலைவில் இருப்பதை மொத்தையாகவும் வரைவது இன்றும் இத்துறையின் அடிப்படைத் தந்திரம். 2003இல் பிபிசி தொலைக்காட்சி பழங்காலப் போர்களை நடத்திக்காட்ட இந்த வரிசையின் மென்பொருளையே பயன்படுத்தியது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 2022 ஏப்ரலில் வந்த இந்தியத் தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையே ஆடலாம், உருமி வீசும் வீரர்களும் உண்டு. அதில் ஒரு தரப்புக்கு வழக்கமான வரம்பு 200 பேர். அந்த 200 பேரையும் பேரரசின் படை என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அந்த 200 பேருக்குள் உழவரும் மரம் வெட்டுபவரும் அடக்கம். வயல் விளையாவிட்டால் படை எழாது. செல்பேசி விளையாட்டுகளில் இது கிடையாது, அங்கே உணவும் மருந்தும் வீட்டுக்குள் கிடக்கும், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பவரைப் போருக்குள் நிறுத்தும் ஆசை கணினியோடு பிறந்ததல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு பெரும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் இதற்கு மறுபக்கமும் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை பிடிபட்ட காட்சியை ராபர்ட் கெர் போர்ட்டர் ஏறத்தாழ 120 அடி நீளத் திரையில் வளைவாக வரைந்து 1800இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கட்டணம் கொடுத்து உள்ளே போனவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் போரே தெரியும். நம் நிலத்துப் போர்கள் இருபுறத்தாரின் சுவர்களிலும் இப்படி ஏறின.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் படுகளம் வைக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய கலைஞர்கள் பதினெட்டு அக்குரோணிச் சேனையாகிறார்கள். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் பல அடி நீளத்துக்குத் திடலில் கிடக்கிறது. பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடும்போது கூட்டமும் விலகி, நெருங்கி, சேர்ந்து ஓடுகிறது. அன்று காலை ஊரே குருட்சேத்திரம். நம் மாணவர்களில் பலர் இதைத் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். மாபெரும் போரில் தானும் இருக்கும் உணர்வு அவர்களுக்கு செல்பேசி வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

வேறுபாடு, போர் முடிந்தபின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. படுகளத்தில் துரியோதனன் விழுந்தவுடன் கூத்து முடிந்துவிடுவதில்லை. அடுத்து ஒப்பாரி. இறந்தவன் கொடியவன் என்று அதுவரை சொல்லிவந்த கூத்து, அவனுக்காக அழும் பெண்ணின் குரலுக்கும் இடம் கொடுக்கிறது. திரௌபதி கூந்தல் முடிக்கிறாள், தீமிதிக்குப் பின்பே ஊர் தன் வழக்கத்துக்குத் திரும்புகிறது. செல்பேசி விளையாட்டில் வெற்றி அறிவிப்பு வந்த சில நொடிகளில் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் வந்துவிடும்.

நம் ஊரின் பெயரும் இதைத்தான் சொல்கிறது. சூரபத்மனோடு செய்த போருக்குப் பின் முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பது தலமரபு. கந்த சஷ்டியின்போது மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும், திருத்தணியில் அது நடப்பதில்லை. மலர்களால் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். ‘ஏன் நம்ம கோயில்ல சூரசம்ஹாரம் இல்ல?’ என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் விடை தெரிந்திருக்காது. வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

விளையாட்டுகளை உருவாக்குபவர்களில் சிலரும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரைக் களமாகக் கொண்ட ‘பேட்டில்ஃபீல்ட் 1’ (2016) ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுபவர் சாகும்போதெல்லாம் திரையில் ஒரு வீரனின் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் வரும். பிறகு அவர் இன்னொருவனாக ஆட வேண்டும். போலந்து நாட்டில் உருவான ‘திஸ் வார் ஆஃப் மைன்’ (2014) ஆட்டத்தில் நாம் வீரனே அல்ல. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் உணவும் மருந்தும் தேடும் சாதாரண மக்கள். சரயேவோ முற்றுகையின் அனுபவங்களை அடிப்படையாகக் கொண்ட அந்த ஆட்டத்தை 2020இல் போலந்து அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அது பெரியவர்களுக்கான ஆட்டம், நம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஓர் அரசே போர் விளையாட்டைப் பாடமாகக் கருதியிருக்கிறது என்பது மட்டும் நமக்குப் போதும்.

பாடத்துக்குப் போகுமுன் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதலே இதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது நம் வேலையல்ல. முதல் பாடவேளையில் தொடர்ந்து தூங்குபவன், மதிய உணவைத் தவிர்ப்பவன், பெற்றோர் செல்பேசியிலிருந்து பணம் போனதை மறைப்பவன் நம் கண்ணில் படுவான். அவனைத் தனியே அழைத்துப் பேசுவதும், பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிவிப்பதும், 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ சொல்வதும் நம்மால் முடியும். வகுப்பு முழுவதையும் நோயாளிகளாகப் பார்த்தால் உண்மையில் உதவி தேவைப்படுபவன் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடுவான்.

இனி தக்கோலம். மூன்று பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளையில் மாணவர்களே வல்லுநர்கள். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ‘விளையாட்டில் இருப்பது’, ‘விளையாட்டில் இல்லாதது’ என்று எழுதுங்கள். முதல் பக்கம் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். இரண்டாவது பக்கம் மெதுவாகத்தான் வரும், அவசரப்படுத்தக் கூடாது. ‘பசி’ என்று யாராவது தொடங்கினால் பிறகு மழை, தூக்கம், அம்மா, சீழ்ப்பிடித்த புண், செத்த குதிரை என்று வரிசையாக வரும். ‘பயம்’ எந்தப் பக்கம் என்பதில் மாணவர்களுக்குள்ளேயே சண்டை வரலாம். வரட்டும், அது நல்ல சண்டை. வகுப்பில் விளையாடாத பிள்ளைகளும் இருப்பார்கள், பெண் பிள்ளைகளில் பலர் இருப்பார்கள். இரண்டாவது பக்கத்துக்கு அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிறகு ஒரு கணக்கு. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் தலைநகரம் மானியகேடம், இன்றைய கர்நாடகத்தின் மால்கேட். அங்கிருந்து தக்கோலம் நேர்க்கோட்டிலேயே 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு படை நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் வளைந்து நெளிந்த வழியில் ஒரு மாதம் ஆகும். 100 யானைகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் வேண்டும். 100 யானைகளுக்கு 15,000 கிலோ, 30 நாளைக்கு 4,50,000 கிலோ. இது யார் வயலிலிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு முதல் நாளை முடித்துவிடலாம்.

இரண்டாம் பாடவேளை சான்றுகளுக்கு. பின்னணியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன். வடக்கே ராஷ்டிரகூடரின் நெருக்கடி வளர்ந்ததால் அவனைப் பராந்தகன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு நிறுத்தியிருந்தான். வீராணம் ஏரியை அந்தப் படையினர்தான் வெட்டினார்கள் என்று மக்கள் சொல்வதுண்டு. 949இல் தக்கோலத்தில் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் ராஜாதித்தனோடு மோதினார்கள். ராஜாதித்தன் மாண்டான், தொண்டை மண்டலம் சோழர் கையைவிட்டுப் போயிற்று.

யார் அவனைக் கொன்றது? வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு லெய்டன் செப்பேட்டின் செய்தியையும் மற்றதற்கு ஆதகூர்க் கல்வெட்டின் செய்தியையும் கொடுங்கள். மூலம் வேண்டாம், எளிய தமிழில் நான்கு வரி போதும். பிற்காலச் சோழர் வெளியிட்ட லெய்டன் செப்பேடு, யானை மேல் இருந்த ராஜாதித்தனின் நெஞ்சைக் கிருஷ்ணனின் அம்புகள் பிளந்தன என்கிறது. ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ என்ற பட்டப் பெயரே அவனுக்கு வந்துவிட்டது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டோ ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்கிறது. அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி முதலிய நாடுகளைக் கொடுத்தான். இரண்டு பிரிவினரும் தங்கள் சான்றே சரி என்று வாதாடட்டும். பிறகு நாம் கேட்க வேண்டியவை: இதை யார் எழுதச் செய்தார்கள்? தங்கள் இளவரசன் ஒரு பேரரசன் கையால் இறந்தான் என்று சொல்வதில் சோழருக்கு என்ன ஆறுதல்? கொன்றவன் தானே என்று சொல்வதில் பூதுகனுக்கு என்ன லாபம்?

ஆதகூர்க் கல் எதற்காக நடப்பட்டது என்பதை அதன் பிறகே சொல்லுங்கள். பூதுகனின் வீரர்களில் ஒருவன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சிய கிருஷ்ணன் என்ன வேண்டும் என்று கேட்க, அவன் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு போராடியது, இரண்டுமே செத்தன. அந்த நாயின் நினைவாக நட்ட கல்தான் அது. நாயும் பன்றியும் மோதும் சிற்பம் அதில் இருக்கிறது, கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலப் போரின் முதன்மையான சான்று ஒரு நாய்க்கு எடுத்த நடுகல்லில் இருப்பதை மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அங்கே செத்த காலாட்படை வீரர்களில் எத்தனை பேருக்குக் கல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.

திருத்தணிக்கே உரிய ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். ராஜாதித்தனின் பாட்டன் முதலாம் ஆதித்தன், யானை மீதிருந்த பல்லவ மன்னனைப் பாய்ந்து கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பல்லவனை அபராஜிதன் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் அபராஜிதன் காலக் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி அபராஜிதனுடையது, மற்றொன்று ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. கொல்லப்பட்டவனின் ஆவணமும் கொன்றவன் மகனின் ஆவணமும் ஒரே சிற்றூரில் கிடைத்திருக்கின்றன.

மூன்றாம் பாடவேளையைத் திருவொற்றியூர்க் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். கேரளத்திலிருந்து வந்து ராஜாதித்தனுக்கு உற்ற துணையாக இருந்த ஒரு வீரன், இளவரசன் சாகும் நேரத்தில் அருகில் இல்லை. உடன் சாகாமல் போனோமே என்ற வேதனையில் அவன் கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தின் தலைவரானான். சதுரானன பண்டிதர் என்பது அவரது துறவுப் பெயர். ‘ரீவைவ் பண்ணியிருந்தா’ என்று மாணவர்கள் திங்கட்கிழமை சொன்ன அதே ஏக்கம்தான். அவருக்கோ அதைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் விளக்கம் எதுவும் கூடாது. கதையைச் சொல்லிவிட்டு எழுத வைத்துவிடுங்கள்.

எழுத வேண்டியது இதுதான்: தக்கோலத்தில் அன்று இருந்த, கையில் ஆயுதம் இல்லாத ஒருவராக ஒரு பக்கம் எழுதுக. யானைக்குப் புல் அறுத்தவர், பாகனின் மனைவி, ஆற்றங்கரையில் வயல் வைத்திருந்தவர், பச்சிலை கட்டியவர், தண்ணீர் சுமந்த சிறுவன் என யாராகவும் இருக்கலாம். அரசன் பெயர் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. அன்று என்ன சாப்பிட்டார், என்ன சத்தம் கேட்டது, யாருக்காகக் காத்திருந்தார் என்ற மூன்றும் வந்தால் முழு மதிப்பெண். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் முதலில் தெலுங்கில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் எழுதட்டும், எழுத்து மேம்படும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் படுகளமே போதும். ஓர் அக்குரோணி என்பது 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். கூட்டினால் 2,18,700. பதினெட்டு அக்குரோணிக்கு 39,36,600. ஐந்தாம் வகுப்பின் இடமதிப்புக்கும் பெருக்கலுக்கும் இதைவிட உயிருள்ள கணக்கு கிடைப்பது அரிது. அதே எண்ணைக் கூத்தில் எத்தனை பேர் ஆடிக் காட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

பிள்ளைகள் எழுதியவற்றை ஒரு வரைபடத்தைச் சுற்றி ஒட்டலாம். திருத்தணி, அரக்கோணம், தக்கோலம், இடையில் ஓடும் ஆறு, தொடர்வண்டிப் பாதை, தக்கோலத்தில் இன்று இயங்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையம் எல்லாவற்றையும் அவர்களே வரையட்டும். சோளிங்கருக்கும் புள்ளலூருக்கும் இடம் விட்டு வையுங்கள். 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம் சோளிங்கர். புள்ளலூரில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன, அவர்களோடு அங்கே போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். எட்டாம் வகுப்பில் மைசூர்ப் போர்கள் வரும்போது இதே மாணவர்கள் அந்த இடங்களை நிரப்புவார்கள்.